சாவி உங்கள் கையில் இருக்கும் ஞாயிறு

அன்றைக்கு ஆராதனை 8 மணிக்கு. நான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது மணி 7:40. பூட்டிய கதவுக்கு வெளியே இருபது பேராவது நின்றிருப்பார்கள். பாடல் குழுவினர் கிட்டாரைத் தோளில் மாட்டியபடி நின்றார்கள். கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. வயதான அம்மா ஒருவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சாவி என் பையில் இருந்தது. 7 மணிக்கே திறந்துவைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்ததும் நான்தான்.

யாரும் என்னைத் திட்டவில்லை. ஆராதனை முடிந்ததும் வரவேற்புக் குழுவை நடத்திவந்த மூப்பர் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சாவியக் குடும்மா. கொஞ்ச நாளைக்கு நானே தொறக்கிறேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அன்பாகச் சொன்னார்.

அப்போது ஐந்து குழுக்களில் என் பெயர் இருந்தது. வரவேற்பு, பாடல், ஞாயிறு பள்ளி, இளைஞர் கூடுகை, நோயாளிகளைச் சந்திக்கும் குழு. யார் கேட்டாலும் சரி என்பேன். அதைத்தான் ஊழிய வாஞ்சை என்று நம்பியிருந்தேன். அந்த வாரம் நான்கு ராத்திரி தாமதமாகப் படுத்திருந்தேன், ஞாயிற்றுக்கிழமை அலாரம் அடித்தது காதில் விழவே இல்லை. சாவி திரும்ப என் கைக்கு வர எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் கற்றதையும், பிறகு 14 வருடமாக சபையில் ஆள் அட்டவணை போடுகிறவளாக இருந்து கண்டதையும் எழுதுகிறேன். புதிதாகக் குழுவில் சேருகிறவர்களுக்கு இது உதவும்.

முதலில் ஒன்று. அட்டவணை போடுகிறவருக்குச் சனிக்கிழமை ராத்திரி உங்கள் பெயர் ஞாபகத்துக்கே வரக்கூடாது. வந்தால், "இவர் வருவாரா, இன்னொரு தடவை போன் பண்ணிக் கேட்கட்டுமா" என்ற கவலையோடுதான் வரும். யாரைப் பற்றி அந்தக் கவலை வரவில்லையோ அவர்தான் நம்பகமானவர். நன்றாகப் பாடுகிறவர், நன்றாக ஜெபிக்கிறவர், எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறவர் எல்லாம் சபைக்கு வேண்டும். ஆனால் கதவு திறக்கிற வேலைக்கு நான் தேடுவது இந்த ஒரு குணத்தைத்தான்.

வேதாகமத்தில் வாசல்காவலர்களைப் பற்றி ஒரு பகுதி உண்டு, 1 நாளாகமம் 9-ஆம் அதிகாரம். பெயர்ப் பட்டியல்தானே என்று பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். சாவியைக் கொடுத்த பிறகுதான் நானே அதை நிறுத்தி வாசித்தேன். தேர்ந்தெடுக்கப்பட்ட வாசல்காவலர்கள் 212 பேர். அவர்களுக்குத் தலைவர்கள் நான்கு பேர். மற்றவர்கள் தங்கள் கிராமங்களிலிருந்து ஏழு நாளுக்கு ஒரு முறை மாறி மாறி வருவார்கள். காவல் தங்கள் பொறுப்பு என்பதால் ஆலயத்தைச் சுற்றியே இராத்தங்கி, காலையில் கதவைத் திறந்துவிடுவார்கள். பணிமுட்டுகளை, அதாவது ஆலயப் பணிக்கான பாத்திரங்களை, வைத்திருந்தவர்கள் அவற்றை எண்ணி உள்ளே கொண்டுபோய், எண்ணி வெளியே கொண்டுவருவார்கள். நம் சபைக்கு வேண்டிய எல்லாம் இதற்குள் இருக்கிறது: யார் பொறுப்பு, யார் மாற்று, எத்தனை மணிக்கு, என்ன கணக்கு.

சரி என்று சொல்வதற்கு முன்

உங்களை ஒரு குழுவில் சேரக் கேட்டால் அந்த இடத்திலேயே தலையாட்ட வேண்டாம். இதையெல்லாம் கேளுங்கள். எத்தனை மணிக்கு வந்து நிற்க வேண்டும்? ஆராதனை தொடங்கும் நேரத்தைச் சொல்வார்கள். நீங்கள் வந்து சேரவேண்டிய நேரத்தைக் கேட்டு வாங்குங்கள், இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம் இருக்கும். மாதத்தில் எத்தனை ஞாயிறு? என்னால் வரமுடியாத நாளில் யாரிடம் சொல்ல வேண்டும்? இது எத்தனை மாதத்துக்கு? கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலருக்குக் கூச்சம். முடிவு தேதி இல்லாமல் ஏற்கிற வேலையை மனிதர்கள் முடிக்காமல் பாதியில் நழுவவிடுவார்கள். ஆறு மாதம், பிறகு பேசிக்கொள்வோம் என்று வைத்துக்கொண்டால் இருவருக்கும் நல்லது.

முதல் வருடம் ஒரே குழுவில் இருங்கள். இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். ஐந்து குழுவில் பெயர் கொடுக்க வருகிற பிள்ளைகளை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிலருக்கு வருத்தம் உண்டு.

அட்டவணை வந்த அன்றைக்கே பதில் போடுங்கள். "கர்த்தருக்குச் சித்தமானால் வருகிறேன்" என்று சிலர் அனுப்புவார்கள். அந்த வார்த்தையை நான் மதிக்கிறேன், யாக்கோபு எழுதிய நிருபத்தில் இருக்கிற வார்த்தை அது. ஆனால் வர விருப்பமில்லாததை மறைக்க அதைப் பயன்படுத்துவது எனக்கு வலிக்கிறது. கர்த்தருக்குச் சித்தமா என்று உங்கள் அறையில் ஜெபித்துவிட்டு, எனக்கு ஆம் அல்லது இல்லை என்று எழுதுங்கள். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லச் சொன்னவரும் அவர்தானே.

சனிக்கிழமை ராத்திரி

வேலை ஞாயிறு காலையில் தொடங்குவதில்லை. சாவி எந்தப் பையில் இருக்கிறது என்று கையால் தொட்டுப் பாருங்கள். போனைச் சார்ஜில் போடுங்கள். இரண்டு அலாரம் வையுங்கள், ஒன்று படுக்கைக்கு எட்டாத தூரத்தில். நாளைக்கு உங்களோடு நிற்கப்போகிறவர் யாரென்று அட்டவணையில் பார்த்து, "நாளைக்கு 7 மணி, பார்ப்போம்" என்று ஒரு வரி அனுப்புங்கள். இந்த ஒரு வரியால் எத்தனையோ ஞாயிறுகள் தப்பியிருக்கின்றன. "ஐயோ, நாளைக்கா? அடுத்த வாரம்னு நெனச்சேன்" என்கிற பதில் சனிக்கிழமை ராத்திரி வந்தால் சமாளிக்கலாம்.

வந்ததும்

திறந்தவுடன் உள்ளே ஓட வேண்டாம். வாசலுக்கு வெளியே நின்று, முதல் தடவை வருகிற ஒருவராக உங்களை நினைத்துக்கொண்டு நடந்து வாருங்கள். எந்தக் கதவு என்று தெரிகிறதா? படியில் தண்ணீர் இருக்கிறதா? சக்கர நாற்காலி உள்ளே வரும்படி கதவின் இரண்டு பக்கமும் திறந்திருக்கிறதா? கழிவறையில் விளக்கு எரிகிறதா? அவசர வழிக்கதவின் பூட்டைக் கழற்றியாயிற்றா? கூடுதல் நாற்காலிகளை அந்தக் கதவுக்கு முன்னால்தான் அடுக்குவார்கள், எல்லா இடத்திலும் பார்த்துவிட்டேன். நகர்த்திவிடுங்கள். தீ விபத்து என்றால் அந்த ஒரு வழி எத்தனை உயிர்!

கடைசி இரண்டு வரிசையை முன்கூட்டி வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள். தாமதமாக வருகிறவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் அங்கேதான் உட்கார வேண்டும். அப்படியே, அழுதுவிடுவோமோ என்ற பயத்தோடு வருகிறவர்களும். சமீபத்தில் துக்கம் நடந்த வீட்டிலிருந்து வருகிறவரை முன் வரிசைக்கு அழைத்துப்போவது மரியாதை என்று நினைப்போம். எழுந்து வெளியே போக ஓரத்து இருக்கை கிடைத்தால் அவருக்கு அதுவே போதும். கேட்டுப் பாருங்கள்: "ஓரமா உக்காந்துக்கிறீங்களா?"

ஒலி பார்க்கிறவர்களுக்குச் சுருக்கமாக. மிக்ஸரை முதலில், ஸ்பீக்கரைக் கடைசியில் போடுங்கள். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில். மாற்றிச் செய்தால் 'டம்' என்று ஒரு சத்தம் வரும், ஸ்பீக்கருக்கும் கேடு, முன் வரிசை முதியவர்களுக்கும் கேடு. கம்பியில்லா மைக்கின் பேட்டரி போன வாரம் ஓடியதே என்று விட வேண்டாம். பாதிப் பிரசங்கத்தில் மைக் செத்தால், அதன் பிறகு சபையார் வசனத்தைக் கேட்க மாட்டார்கள், மைக்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

திரையில் பாட்டு வரிகள்

சாவி போன பிறகு ஐயா எனக்குக் கொடுத்த முதல் வேலை இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒரு பொத்தானை அமுக்குவதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். முதல் ஞாயிறு, பாடகர் ஒரு பக்கத்தின் கடைசி வரியைப் பாடி முடித்ததும் அடுத்ததை மாற்றினேன். ஒழுங்காகத்தான் செய்கிறேன் என்று எண்ணம். நிமிர்ந்து பார்த்தால், ஒவ்வொரு சரணத்தின் முதல் சொல்லிலும் சபை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறது. முதல் இரண்டு சொல்லைப் பாடல் குழு மட்டும் பாடுகிறது, பிறகுதான் சபை சேர்ந்துகொள்கிறது.

கண் எப்போதும் வாய்க்கு முன்னால் போகும். கடைசி வரியில் இன்னும் இரண்டு சொல் பாக்கி இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். அந்த இரண்டு சொல் ஏற்கெனவே அவர்கள் மனதுக்குள் போயிருக்கும். அடுத்த வாரம் அப்படிச் செய்து பார்த்தேன். முதல் சொல்லிலிருந்தே எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். எந்த மாற்றமும் யாருக்கும் தெரியவில்லை, பாட்டு மட்டும் பெரிதாகக் கேட்டது. அன்றைக்கு எனக்குள் ஏதோ திறந்துகொண்டது.

ஒரு பக்கத்துக்கு நான்கு வரிக்கு மேல் வேண்டாம். பல்லவிக்குத் திரும்புவது எங்கே, எத்தனை தரம் என்று பாடகரிடம் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய பாட்டு வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். யூனிகோடில் தட்டி வையுங்கள், சபைக் கணினியிலேயே ஒரு முறை முழுக்கத் திறந்து பாருங்கள். எழுத்துப்பிழையையும் விடாதீர்கள். 'பலி' இருக்கவேண்டிய இடத்தில் 'பழி' என்று போனால் பாட்டின் அர்த்தமே மாறிவிடும்.

எண்ணி உள்ளே, எண்ணி வெளியே

திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனை, அதற்கு ஆயத்தம் செய்கிறவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள். எங்கள் தட்டில் 40 குழிகள், ஆறு தட்டு வைத்தால் 240 கிண்ணம். வைக்கும்போது எண்ணுங்கள், திரும்பி வந்ததும் எண்ணுங்கள். மிச்சம் எத்தனை என்று எழுதிவைத்தால் அடுத்த மாதம் ஊகிக்க வேண்டியதில்லை. பின் வரிசையில் ஒருவருக்குக் கிண்ணம் இல்லாமல் போவதை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே "பரவாயில்லை" என்றார். ஆனால் அது பரவாயில்லை என்று விடுகிற விஷயம் இல்லை.

காணிக்கையை ஒருபோதும் தனியாக எண்ணாதீர்கள், தனியாகத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். இரண்டு பேர், அதுவும் ஒரே குடும்பத்தைச் சேராத இருவர். எண்ணியதும் தாளில் தொகையை எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். "என்னை நம்பவில்லையா?" என்று சிலருக்கு மனம் புண்படும். இந்த ஒழுங்கு உங்களையும் காக்கிறது. என்றாவது ஒருநாள் கணக்கு உதைத்தால், உங்கள் பெயரில் சந்தேகம் விழாமல் நிற்க அந்த இரண்டாவது கையெழுத்துதான் சாட்சி.

பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்கும் அதே மனது வேண்டும். ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்க வேண்டாம், எப்போதும் இரண்டு பெரியவர்கள். பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுப்போனவரே வந்தால் மட்டும் அனுப்புங்கள். மாமா, சித்தி என்று யார் சொன்னாலும், தெரிந்த முகமாகவே இருந்தாலும், விட்டுப்போனவரிடம் கேட்காமல் அனுப்பக்கூடாது. இதில் தாட்சண்யம் பார்க்கவே வேண்டாம்.

நிற்கும் நேரம்

ஆராதனை நடக்கும்போது வாசலில் நிற்கிறவர் போனை எடுக்காமல் இருப்பது பாதி ஊழியம். மீதிப் பாதி பார்ப்பது. யார் விசிறிக்கொண்டே இருக்கிறார்கள், யார் முகம் வெளிறுகிறது, எந்தக் குழந்தையின் அம்மா தவிக்கிறார். யாராவது மயங்கிச் சரிந்தால் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள், சுற்றிக் கூட்டம் சேர விடாதீர்கள். ஒரு நிமிடத்துக்குள் நினைவு திரும்பாவிட்டாலோ, நெஞ்சு வலிக்கிறது என்றாலோ உடனே ஆம்புலன்ஸ். யாரிடம் கேட்பது என்று மேடையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது.

காதில் விழுவதையும் பத்திரமாக வைத்திருங்கள். ஜெபக் குறிப்பு என்று ஒருவர் வாசலில் உங்களிடம் சொன்ன குடும்ப விஷயம், போதகருக்குப் போகவேண்டும் என்று அவரே சொன்னால் ஒழிய, உங்களோடு நிற்கட்டும். "ஜெபிக்கத்தான் சொல்றேன்" என்று தொடங்கும் பேச்சில் எத்தனை வீட்டு மானம் போயிருக்கிறது! நேரத்துக்கு வருகிறவர் என்று பேர் வாங்கியும் வாய் காக்காதவரை நான் வாசலில் நிறுத்துவதில்லை.

வரமுடியாதபோது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். எல்லோருக்கும் காய்ச்சல் வரும், விருந்தாளி வருவார், அலுவலகத்தில் வேலை சேரும். வராமல் போவதால் நம்பகம் போவதில்லை, சொல்லாமல் போவதால் போகிறது. தெரிந்த அன்றைக்கே சொல்லுங்கள். திருமணப் பத்திரிகை கைக்கு வந்த நாளே அட்டவணையை எடுத்துப் பாருங்கள். மாற்று ஆளை நீங்களே பேசிப் பிடியுங்கள், பிடித்ததும் பொறுப்பாளரிடம் "எனக்குப் பதில் இன்னார், அவரிடம் பேசிவிட்டேன், 7 மணி என்று அவருக்குத் தெரியும்" என்று முழுசாகச் சொல்லுங்கள். "யாராவது பார்த்துக்குவாங்க" என்பதில் வருகிற அந்த 'யாராவது' எங்கள் சபைக்கு இதுவரை வந்ததே இல்லை.

முந்தின ராத்திரிக்கு மேல் ஆகிவிட்டால் குறுஞ்செய்தி போதாது, போன் செய்யுங்கள். விளக்கம் நீளமாக வேண்டாம். "காய்ச்சல், வரமுடியாது, சாவியைத் தம்பி கொண்டுவந்து தருவான்" என்றால் போதும். சாவியைப் படுக்கையறையில் வைத்துக்கொண்டு வருத்தம் மட்டும் தெரிவிக்கிறவர்கள் உண்டு.

தவறிவிட்டீர்களா? சாக்குச் சொல்லாமல் ஒப்புக்கொண்டு, சின்ன வேலையைக் கேட்டு வாங்கி மறுபடி தொடங்குங்கள். வேதாகமத்தில் வருகிற மாற்கு என்கிற யோவான், அப்போஸ்தலர் பவுலோடு ஊழியப் பயணம் போய், பம்பிலியாவில் அவரை விட்டுத் திரும்பிப்போனவர். அடுத்த பயணத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்று, கூடப் பயணம் செய்த பர்னபாவுக்கும் பவுலுக்கும் கடுமையான சண்டை வந்து, இருவரும் பிரிந்தே போனார்கள். பின்னாளில் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பவுலே சொல்கிறார், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று. நடுவில் மாற்கு என்னென்ன செய்தார் என்று அங்கே விரிவாக இல்லை. கொடுத்த வேலைகளைச் செய்துகொண்டே இருந்திருப்பார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். வரி மாற்றுகிற பொத்தானுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எட்டு மாதமும் எனக்கு அவர் துணை.

ஓய்வையும் கேட்டு வாங்குங்கள். வாசல்காவலர்களே முறை வைத்து மாறினார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறாவது கையில் வேலை இல்லாமல், சபையின் நடுவில் உட்கார்ந்து பாடுங்கள். வருடக்கணக்கில் பின்னால் நின்றே பிரசங்கம் கேட்டவர்கள் ஒரு நாள் திடீரென்று காணாமல் போவார்கள். இரண்டு பேரை நான் அப்படி இழந்திருக்கிறேன், அட்டவணையில் வாராவாரம் அவர்கள் பெயரை எழுதியது என் கைதான்.

ஒப்படைப்பது

உங்கள் வேலை உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தால், நீங்கள் ஊருக்குப் போகிற வாரம் அந்த வேலையும் உங்களோடு போய்விடும். ஒரு சின்ன நோட்டில் எழுதிவையுங்கள்: எந்த ஸ்விட்ச் எதற்கு, பேட்டரி எங்கே, தண்ணீர் மோட்டார் யார் போடுவது, கிண்ணம் எத்தனை. புதியவரைக் கூட வைத்துக்கொண்டு முதல் இரண்டு வாரம் நீங்கள் செய்யுங்கள், அவர் பார்க்கட்டும். அடுத்த இரண்டு வாரம் அவர் செய்யட்டும், நீங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். வாயைத் திறக்காமல் என்பதுதான் கஷ்டம்.

போன மாதம் சாவியை ஒரு கல்லூரிப் பிள்ளையிடம் கொடுத்தேன். பூட்டு பழசு, சும்மா திருப்பினால் திரும்பாது. "கதவ உன் பக்கம் இழுத்துப் புடிச்சுக்கோ, அப்புறம் திருப்பு. ரெண்டு சுத்து. ரெண்டாவது சுத்துல டக்குனு கேக்கணும்" என்று அவள் கையைப் பிடித்துக் காட்டினேன். மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று அவள் போனில் பதிய வைத்தேன். அவள் தனியாகத் திறந்த முதல் ஞாயிறு, வேண்டுமென்றே 7:20-க்குப் போனேன். கதவின் இரண்டு பக்கமும் திறந்திருந்தது. அவள் வெளியே, படியில் தேங்கியிருந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.